கரி வண்டியில் ஒரு மழைக்காலம்

வீடு நகராதது, அதன் குறைகளும் நகர்வதில்லை. எந்த மூலை ஒழுகும், எந்தப் படியில் கால் இடறும் என்பது சில மாதங்களில் உடம்புக்கே தெரிந்துவிடும். நடமாடும் மருத்துவ வண்டியில் பணியேற்கும் இளைய அன்பர்களே, நீங்கள் குடியேறப்போவதோ சக்கரங்களின்மேல் நிற்கும் வீடு. அது நிற்கும் இடத்தின் குறைகளெல்லாம் அன்றன்றைக்கு அதன் குறைகளாகிவிடும். ஒவ்வொரு மாலையும் அறியாத வீடொன்றில் முதன்முதலாக உறங்கப்போகிறவனைப்போல நீங்கள் விழிப்போடிருக்க வேண்டும். கம்பவுண்டராக அத்தகைய வண்டியொன்றில் உண்டு உறங்கி முடிநரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

மருந்து கலப்பதையும் புண் கட்டுவதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் வாழ்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டிவைக்காத பொருள் முதல் வளைவிலேயே பகைவனாகும். குடிநீரும் கழுவுநீரும் ஒன்றையொன்று காணக்கூடாது. தென்னையின் கீழ் நிறுத்தாதீர்கள், மணலை நம்பாதீர்கள். வண்டியின் முகம் எப்போதும் வெளியேறும் வழியை நோக்கியிருக்கட்டும். நின்றிருக்கும் இடத்தை அக்கம்பக்கத்தில் ஒருவருக்கேனும் சொல்லிவையுங்கள். இவையெல்லாம் பட்டுத் தெளிந்தால் தாமே வந்துவிடும். பட்டும் எளிதில் தெளியாத ஒன்று உண்டு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

யுத்தம் நடந்த காலம். சென்னையின்மேல் குண்டு விழும் என்ற அச்சத்தில் ஒரு கோடையில் ஊரே காலியாயிற்று. மயிலாப்பூர் மாடவீதிகளில் வரிசையாகப் பூட்டுகள் தொங்கின. கபாலி கோயில் மணி வேளை தவறாமல் ஒலித்தது. கேட்பதற்குத்தான் செவிகள் இல்லை. அப்படிப் போனவர்களில் பலர் மழைக்காலம் தொடங்கியும் திரும்பவில்லை. என் மனைவி மக்களும் திருவண்ணாமலைப் பக்கம் உறவினர் வீட்டில் இருந்தார்கள். எனக்கு வண்டியே வீடாயிற்று.

அந்த வண்டி ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு உரியது. லாரிச் சட்டத்தின்மேல் மரத்தால் அறை கட்டியிருந்தார்கள். உள்ளே எதிரெதிராக இரண்டு படுக்கைப் பலகைகள், மருந்து அலமாரி, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஸ்டவ். பக்கங்களில் பலகைக் கதவிட்ட சன்னல்கள். பின்புறம் ஏறும் வாசல். ஓட்டுநர் இருக்கைக்கும் அறைக்கும் இடையே ஒருவர் குனிந்து நுழையும் அளவுக்குத் தள்ளுகதவு ஒன்று உண்டு. பெட்ரோல் அரிதாகிவிட்டதால், அக்காலத்துப் பஸ்களைப் போலவே எங்கள் வண்டிக்கும் பின்வாசலை ஒட்டி ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் மரக்கரியை இட்டுக் கனிய வைத்தால் ஒரு வாயு பிறக்கும். அந்த வாயுவில் என்ஜின் ஓடும். அணைந்த பீப்பாயை மறுபடி பற்றவைத்துக் கைப்பிடியைச் சுற்றி ஊதி ஊதி வண்டியைக் கிளப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். அபாயச் சங்கு ஊதினால் காயம்பட்டவர்களிடம் உடனே போக வேண்டியவர்கள் நாங்கள். ஆகையால் நின்றிருக்கும்போதும் பீப்பாயில் கங்கு அணையக் கூடாது என்பது எங்களுக்கு இட்ட கட்டளை.

டாக்டர் ராணுவத்துக்குப் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. எஞ்சியவர் மூவர். ஓட்டுநர் ஏகாம்பரம் மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சற்று மூத்தவர். நான் நீறு பூசிக்கொண்டு காலையும் மாலையும் பதிகம் ஓதுவதால் எனக்குச் 'சாமி' என்று பெயர் வைத்திருந்தார். நர்ஸ் பிலோமினா அம்மாள் சாந்தோமில் பல தலைமுறையாக வாழ்ந்த கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார்.

முதலில் தியாகராய நகரில் ஒரு காலி மனையில் நின்றோம். ஏகாம்பரம் தரையைக் குதிகாலால் இடித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி கீது சாமி. ஆனையே நிக்கலாம்."

நாங்கள் சோறுண்டு எழுவதற்குள் ஒரு மழை கொட்டித் தீர்த்தது. வண்டி ஓசையே இல்லாமல் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. அலமாரிப் புட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் சக்கரங்கள் பாதிக்குமேல் மண்ணுக்குள் போயிருந்தன. கீரைக் கூடையோடு அவ்வழியே போன முதியவர் ஒருவர் நின்று சிரித்தார்.

"இது ஏரி நைனா! எங்கப்பாரு இங்க வலை போட்டவரு. மண்ணக் கொட்டி மூடிட்டா, ஏரிக்கு அது ஏரின்றது மறந்துபூடுமா?"

ஒரு மனையில் நிற்குமுன் அது முன்பு என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள். இப்போது இருப்பதைக் குதிகால் சொல்லும். முன்பு இருந்ததைப் பக்கத்தில் வாழ்கிறவர்களே சொல்வார்கள்.

ஆட்களைக் கூட்டி வண்டியை மீட்டபின், கெட்டித் தரையைத் தேடி அடையாற்றுக்குப் போனோம். கழிமுகத்துக்குச் சற்று முன்னால் பூட்டிய பங்களா ஒன்று இருந்தது. ஸ்தாபனத்தார் உரிமையாளரிடம் கேட்டு அதன் முற்றத்தில் எங்களுக்கு இடம் வாங்கித் தந்தார்கள். சரளைக்கல் பாவிய முற்றம். நடுவே பெரிய தூங்குமூஞ்சி மரம். சுவரைத் தாண்டிச் சிறிது நடந்தால் மீனவர் குப்பம். நோயாளிகளுக்கும் வரவசதி, சக்கரங்களுக்கும் பிடிமானம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடம் என்றே நினைத்தோம்.

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. கரி நனைந்தால் வண்டி செத்தது என்று பொருள். ஆகவே ஏகாம்பரம் வண்டிக் கூரையின் பின்விளிம்பிலிருந்து தார்ப்பாயை இறக்கி, பீப்பாயையும் பின்வாசலையும் சேர்த்து மூடித் தரையில் கல்வைத்துக் கட்டினார். நேர்த்தியான வேலை. கரியும் நனையவில்லை, ஏறி இறங்குகிறவர்களும் நனையவில்லை. "மாப்ளை ஊட்டுப் பந்தல் மாதிரி கீதா இல்லியா?" என்று கேட்டு அவரே மெச்சிக்கொண்டார். நானும் மெச்சினேன்.

அதன்பின் பிற்பகல்கள் மாறத் தொடங்கின.

பிற்பகல் மழையில் நோயாளிகள் வருவது நின்றது. பிலோமினா அம்மாள் அந்நேரங்களில் குடையோடு குப்பத்துக்குப் போய்ப் பிள்ளைபெற்றவர்களைப் பார்த்து வருவார். இரவில் புழுக்கத்துக்காகத் திறந்தே கிடக்கும் சன்னல்களைச் சாரல் அடிக்காமலிருக்கச் சாத்திக்கொண்டு, பகலிலேயே இருண்ட அறையில், நான் தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மூன்றாம் பாட்டில் என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்தது.

அதை நான் அறிவேன். எனக்குப் பண்ணோடு ஓதக் கற்பித்த ஆசானின் குரல். அவர் அதற்கு முந்திய ஆண்டில் சிவபதம் அடைந்துவிட்டார். ஒரு பாட்டு பழுத்தாலன்றி அடுத்த பாட்டைத் தொடமாட்டார். அவர் தனியாகப் போற்றிவந்த ஒரு பதிகத்தில் கடைசிப் பாட்டுக்கு நான் வருமுன் அவர் போய்விட்டார். சொற்கள் ஏட்டில் இருந்தன; அவற்றை அவர் எடுத்துச்செல்லும் நடை எங்கும் இல்லை. குரலால் ஊரையே கட்டிப்போடக்கூடியவர், ஆனால் மண்டபத்தில் ஒரு குழந்தை அழுதால் பாதி அடியில் நிறுத்திவிட்டு, "முதலில் அதைப் பாருங்கள். பாட்டு காத்திருக்கும்" என்பார்.

அந்தக் குரல் பின்வாசல் பக்கமிருந்து வந்தது. எனக்கு அச்சம் எழவில்லை. உடம்பெல்லாம் இனிய கனமொன்று பரவிற்று. கண்ணீர் வழிந்தது. அடியார்களுக்கு வாய்க்கும் பேறு எளியேனுக்கும் வாய்த்ததோ என்று உருகினேன். பிறகு தலை வலித்தது. அன்று ஒரு வேளைதான் உண்டிருந்தேன் என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஏகாம்பரம் தம் பலகையில் எழுந்து உட்கார்ந்து, என் பலகையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கொஞ்சம் தள்ளிக் குந்து."

"எதற்கு?"

"அவ குந்தறதுக்கு எடம் இல்லாம நின்னுக்கினே கீறா."

"யார்?"

"கன்னியம்மா."

அவருடைய மனைவி. கோடையில் எல்லோரும் ஓடியபோது தங்கையோடு அவளை ரயிலேற்றி அனுப்பினார். போன இடத்தில் காலரா கண்டது. வண்டியை விட்டு அவர் நகர முடியாத நாட்கள் அவை. செய்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரயிலடியில் சன்னல் வழியாக அவள் என்னவோ சொன்னாளாம். என்ஜின் இரைச்சலில் கேட்கவில்லையாம். அதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் தள்ளி உட்கார்ந்தேன். என் பக்கத்தில் பலகை சிறிது தாழ்ந்ததுபோல எனக்கே பட்டது.

"என்ன சொல்கிறாள்?"

"ஒண்ணியும் சொல்லல. பாத்துக்கினு கீறா."

புழுக்கம் தாளாமல் நான் சன்னலைத் திறந்தேன். மழைக்காற்று உள்ளே வந்தது. சற்று நேரத்தில் அவர் முகம் வாடிற்று.

"அவ பூட்டா சாமி. வெளிச்சம் பட்டா நிக்கமாட்றா. இனிமே தொறக்காதே."

என் ஆசானும் அப்படித்தான் என்பதை நானும் கண்டிருந்தேன். சன்னல் திறந்தால் குரல் தேயும், சாத்தினால் திரும்பும். இங்கேதான், அன்பர்களே, கருத்தூன்றிக் கேட்க வேண்டும். காரணம் எங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. திறந்தால் போகிறது, சாத்தினால் வருகிறது என்பதைக் கண்ணாரக் கண்டோம். கண்டபின், இறந்தவர்கள் வெளிச்சத்துக்கு நாணுவார்கள் என்று நாங்களே ஒரு சாத்திரம் எழுதிக்கொண்டு, துணியைக் கிழித்துப் பிற்பகல்தோறும் சன்னல் இடுக்குகளையும் அடைத்தோம். வருகிறவர்களுக்கு மரியாதையாக ஒரு சட்டியில் நெருப்பள்ளிச் சாம்பிராணியும் போட்டோம்.

"பேய்க்கி சாம்பிராணி ஆவாதுன்னுவாங்களே?" என்று ஏகாம்பரம் தயங்கினார்.

"பேய் என்று யார் சொன்னது?"

"அதானே. எம் பொண்டாட்டி எப்படிப் பேயாவா? உயிரோட இருந்தப்ப வேணும்னா சொல்லலாம்." சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் நாள்தோறும் பிற்பகலுக்காகக் காத்திருந்தோம். காலையில் கட்டுப் போடும்போதே மனம் இருட்டைத் தேடிற்று. நடந்தால் மூச்சு வாங்கியது. பிலோமினா அம்மாள் ஒரு நாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஐயா, வெத்தலை போட ஆரம்பிச்சிட்டீங்களா? ரெண்டு பேருக்கும் உதடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவந்திருக்கு."

"நான் வெற்றிலை போடுவதில்லையே, அம்மா."

"அதான் கேக்கறேன்," என்றார். பிறகு ஒரு குழந்தை அழவே அங்கே போய்விட்டார்.

அடுத்த நாள் மழை கடுமையாயிருந்ததால் அவர் குப்பத்துக்குப் போகவில்லை. அறைக்குள்ளேயே உட்கார்ந்து பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும், விருந்தாளி போகட்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்காரர்களைப் போலப் பேசாமல் இருந்தோம். திடீரென்று அவர் தலை நிமிர்த்தினார்.

"கோயில் மணி அடிக்குதா?"

"எந்தக் கோயில்?"

"எங்க மாதா கோயில். எங்க அப்பா சாவுக்கு அடிச்ச மாதிரி அடிக்குதே..." என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர் தள்ளாடினார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு கீழே இறங்கி, மரத்தைப் பிடித்தபடி வாந்தியெடுத்தார். மழையில் நனைந்துகொண்டே நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, வண்டிக்குள் ஏறாமல், பீப்பாயையும் தார்ப்பாயையும் துணி செருகிய சன்னல்களையும் பார்த்தார். அவர் முகம் மாறியது. தார்ப்பாயை இரு கைகளாலும் பற்றி இழுத்துக் கிழித்தார்.

"இறங்குங்க ரெண்டு பேரும்! எறங்குங்கன்னா!"

இறங்கினோம். 

"பிள்ளை பெத்தவளுக்குக் குளிரக் கூடாதுன்னு கதவைச் சாத்திக் கரிச்சட்டி வைப்பாங்களே, அந்த மாதிரி ஒரு வீட்ல தாயும் பிள்ளையும் தூங்கறாப்பலயே போயிருந்ததை நான் பாத்திருக்கேன். உதடு இப்படித்தான் சிவந்திருந்தது. நேத்தே எனக்குத் தோணியிருக்கணும்."

நாங்கள் கண்டதையும் கேட்டதையும் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க வாத்தியாரும் வரலை, இவர் சம்சாரமும் வரலை, எங்க அப்பாவுக்கு மணியும் அடிக்கலை. வண்டி ஓடும்போது அந்த வாயுவை என்ஜின் குடிச்சிடுது. நிக்கும்போது நீங்க குடிச்சிருக்கீங்க. அவ்வளவுதான்."

ஏகாம்பரம் வாசல் வழியாக என் பலகையின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு, "அவ கட்டினிருந்த பொடவைகூடத் தெரிஞ்சுதே நர்ஸம்மா," என்றார்.

"தெரியும். நல்லாத் தெரியும். அதான் பயம்."

அன்றே பீப்பாயின் நெருப்பை அணைத்தோம். நிற்கும்போது பீப்பாய் குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஸ்தாபனத்துக்கு நர்ஸ் அம்மாள் நேரில் போய்ச் சொல்லி அனுமதி வாங்கினார். தார்ப்பாயைத் தைத்துச் சுருட்டிக் கூரைமேல் கட்டினோம். அறை நனைந்தது, எங்கள் தலை தெளிந்தது. பிற்பகல்களில் ஏகாம்பரம் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு, திறந்த சன்னலையே பார்த்தபடி நிற்பார். நான் ஓதினால் என் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. அது எத்தனை மெலிந்த குரல் என்று அந்நாட்களில்தான் அறிந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணாதீர்கள். பெரிய ஆபத்து அதன்பிறகே வந்தது.

ஒரு நண்பகலில் பிலோமினா அம்மாள் மருந்து வாங்கச் சென்றிருந்தார். தூண்டில் முள் ஏறிய கையொன்றைப் பார்க்க நான் குப்பத்துக்குப் போனேன். திரும்பும்போது மழை வலுத்தது. முற்றத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். தார்ப்பாய் பழையபடி இறங்கியிருந்தது. தரையில் கல்வைத்துக் கட்டியிருந்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. புகை இல்லை, ஓசை இல்லை. மூடிய வண்டி மழையில் பளபளத்துக்கொண்டு, தனக்குள் ஏதோ ஒரு நினைவோடு இருப்பதுபோல நின்றது.

"ஏகாம்பரம்!"

தார்ப்பாய் ஓரத்தில் கைவிட்டுப் பார்த்தேன்; பீப்பாய் மறுபடி கனன்றுகொண்டிருந்தது, பின்வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. முன்னால் ஓடி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, தள்ளுகதவைத் திறந்து குனிந்து நுழைந்தேன். பலகையில் அவர் மல்லாந்து கிடந்தார். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார், தலை வாரியிருந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. எதிர்ப் பலகையின் ஓரத்தைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

பின்வாசலைத் திறக்க அறையைக் கடக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன். நடுவிலே முட்டி இடித்தது. அடக்கிய மூச்சு போயிற்று. புது மூச்சு உள்ளே வந்தது. மறுபடி, மறுபடி. என் கால்கள் கனத்தன. அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு எழலாம் என்று தோன்றிற்று.

அப்போது குரல் எழுந்தது.

அது கடைசிப் பாட்டு. நான் அதுவரை கேட்டிராத நடை. முதலடியைத் தாழ எடுத்து, நான் எதிர்பாராத ஓரிடத்தில் மேலே ஏற்றி நிறுத்தி, இரண்டாம் அடிக்குள் நீர் இறங்குவதுபோல இறங்கிற்று. இப்படியா, இப்படியா என்று என் உயிர் அதன் பின்னாலேயே போயிற்று. இன்னும் இரண்டடிதான். கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன் என்று நான் சத்தியமாக எண்ணினேன்.

ஏகாம்பரத்தின் தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. குழந்தை அழுது ஓய்ந்தபின் விசும்புமே, அதுபோன்ற ஒலி.

குரல் நிற்கவில்லை.

மூன்றாம் அடி தொடங்கிற்று. மறுபடி அவர் விசும்பினார். குரல் நிற்கவில்லை, அழகாக, மேலும் அழகாகப் பாடிக்கொண்டே போயிற்று. என் அறிவு கலங்கியிருந்தது. வாயுவையும் பீப்பாயையும் நான் மறந்திருந்தேன். ஆனால் என் ஆசானை நான் மறக்கவில்லை. ஒருவன் இப்படி மூச்சுக்குத் தவிக்கும்போது அவர் பாடமாட்டார். ஆகையால் இது அவரில்லை.

எழுந்தேன் என்று சொல்வது பொய். தவழ்ந்தேன். பின்வாசல் தாழை உடம்பால் மோதித் திறந்தேன்; தார்ப்பாயைக் காலால் உதைத்தேன். ஏகாம்பரத்தின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு இருவருமாகச் சரளையில் விழுந்தோம். மழை முகத்தில் அறைந்தது. நாலாம் அடியின் முதற்சொல் எங்கோ தொடங்கி, மழையோசையாக மாறிற்று.

அவர் மூச்சு வருவதற்கு நெடுநேரம் ஆயிற்று. மார்பை அழுத்தினேன், பெயர் சொல்லி அழைத்தேன், வாய்க்கு வந்த பாட்டையெல்லாம் இரைந்து ஓதினேன். கடைசியில் இருமி, வாந்தியெடுத்து, கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது நன்றியன்று, கோபம்.

"ஏன் சாமி தொறந்தே?"

"செத்துப்போயிருப்பாய்."

"இப்பதான் வாயத் தொறந்தா. அன்னிக்கி ரயிலடில சொன்னத சொல்ல வந்தா. அதுக்குள்ள நீ வந்து..." அவரால் முடிக்க முடியவில்லை. சரளைக்கல்லை அள்ளி அள்ளித் தரையில் அடித்தார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் கேட்டது, ஏகாம்பரம். கடைசிப் பாட்டு."

அவர் கை நின்றது. "முட்ச்சாரா?"

"இல்லை. ஒரு அடி மிச்சம்."

மழையில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல, "ரெண்டு பேருக்கும் பட்டை நாமம்," என்றார். "உனுக்கு நீறு வேற. அதும்மேல எங்க போட்றது?" இருவரும் சிரித்தோம். சிரிப்பு நிற்காமல் அழுகையாயிற்று. அக்கோலத்தில்தான் பிலோமினா அம்மாள் வந்து எங்களைக் கண்டார். கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார். ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒருத்தர் பொண்டாட்டியைப் பாக்கப் போனார், ஒருத்தர் வாத்தியாரைப் பாக்கப் போனார். நாளைக்குக் குப்பத்துல காலரா ஊசி யார் போடறது? செத்தவங்களா?" என்றார். திட்டிக்கொண்டே இருவருக்கும் தலை துவட்டினார்.

உங்கள் வண்டிகளில் இன்று கரிப் பீப்பாய் இல்லை. ஆனால் ஸ்டவ் உண்டு, குளிர் உண்டு, கொசு உண்டு, கதவைச் சாத்திக்கொள்ளும் ஆசை உண்டு. வண்டிக்குள் எரியும் எதுவும் உங்கள் மூச்சைப் பங்கிட்டுக்கொள்கிறது. தலைவலி வந்தால் காரணம் தேடாதீர்கள். முதலில் இறங்குங்கள், தேடுவது வெளியே நின்று ஆகட்டும். அறைக்குள் உங்களுக்கு இன்னதென்று தெரியாத இன்பம் ஒன்று வந்தால், துன்பத்தைக் கண்டு இறங்குவதைவிட விரைவாக இறங்குங்கள். மெய்யான அருள் திறந்த வெளியிலும் நிற்கும். பக்கத்தில் ஒருவன் தவிக்கும்போது தன்னை நிறுத்திக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இதை நான் சொல்வது எளிது. அந்த அறையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. ஏகாம்பரம் திருப்புளியோடு வண்டிக்குள் ஏறினார். ஒரு சன்னலின் உட்தாழ்ப்பாளைக் கழற்றினார், அடுத்ததற்குப் போனார். தாழ்ப்பாள் போன சன்னல் கதவுகள் காற்றுக்குத் தாமே அகன்று ஆடின. கழற்றியவற்றை மடியில் கட்டிக்கொண்டார்.

"இன்னாத்துக்குப் பாக்கறே? ஆத்துல போட்டுடறேன். நனைஞ்சா தொடச்சிக்கலாம். இது இருந்தா நாளைக்கி நானே சாத்துவேன் சாமி."

சரி என்று தலையசைத்தேன். அவர் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு என் படுக்கைப் பலகைக்கு மேலிருந்த கடைசிச் சன்னலுக்கு வந்தார்.

"அந்த ஒன்று இருக்கட்டுமே, ஏகாம்பரம்," என்றேன். "சாரல் அடிக்கும்."

என் வாய்தான் சொல்லிற்று. சொன்னபின்பே அது எனக்குக் கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை, கேலி செய்யவுமில்லை. திருப்புளியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கீழே இறங்கி, எனக்கு முதுகைக் காட்டியபடி மரத்தடியில் நின்றார்.

திருகாணிகள் துருவேறிக் கிடந்தன. கை நழுவிக்கொண்டேயிருந்தது. ஏகாம்பரம் அவசரப்படுத்தவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் விழும் ஓசைக்காகக் காத்திருந்தார்.